பிடிஎஃப் திறக்கும்போதெல்லாம் நீங்கள் எகிப்து மொழி பேசுகிறீர்கள்! | காப்டிக் இரண்டாம் ஆண்டுத் தலைவலி

[திரையில்: ஒரு சுடாத மண் செங்கல். பக்கத்தில் பிடிஎஃப் கோப்பின் சிவப்புச் சின்னம்.]

இந்தச் செங்கலுக்கும் உங்கள் கணினியில் இருக்கும் அடோபிக்கும் என்ன சம்பந்தம்?

பழைய எகிப்தில் செங்கல்லுக்கு ஒரு சொல் இருந்தது. பார்வோன்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, கிறித்தவம் வந்த பிறகு அதே சொல் 'தோபெ' என்று ஒலித்தது. அரபியில் அது 'தூப்'. முன்னால் ஆங்கில 'the' போன்ற அரபி 'அல்' சேர்ந்தால் 'அத்தூப்'. ஸ்பெயினுக்குப் போனதும் 'அதோபே', வெயிலில் காயவைத்த மண் செங்கல். ஸ்பானியர்களோடு கலிஃபோர்னியா வரை போய் ஓர் ஓடைக்குப் பெயரானது. அந்த ஓடை ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ஓடியது. அவர் 1982-இல் நண்பரோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தபோது ஓடையின் பெயரையே வைத்துவிட்டார். அதுதான் பிடிஎஃப்பை உருவாக்கிய அடோபி. பரீட்சை ஹால்டிக்கெட்டைப் பிடிஎஃப்பில் திறக்கும்போதெல்லாம் நைல் நதிக்கரை மண்ணைத் தொடுகிறீர்கள்.

வணக்கம் மக்களே. அந்தத் 'தோபெ' இருக்கிற மொழிதான் காப்டிக். இதைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள், அந்த இடத்தில் மட்டும் தமிழ் தெரிந்தவருக்கு ஏன் சிரிப்பு வரும் என்பதுதான் இன்றைய கதை. அந்தச் சிரிப்பு வரும்வரை தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள், ப்ளீஸ்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுவோம். எகிப்து மொழியின் கடைசிக் கட்டம் காப்டிக். கிரேக்க எழுத்து 24-ஐ எடுத்துக்கொண்டு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்குப் பழைய எகிப்து எழுத்திலிருந்து சிலவற்றைக் கடன் வாங்கி எழுதினார்கள். பிறகு அரபி வந்தது, காப்டிக் மெல்ல மெல்லத் தேவாலயத்துக்குள் ஒதுங்கியது. எகிப்தின் சித்திர எழுத்துப் புதிரை 1822-இல் உடைத்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோனுக்குச் சாவியாக இருந்ததும் இதுதான். அரசர் பெயரைச் சுற்றி வரைந்த கோட்டுக்குள் வட்டமாகச் சூரியனைப் பார்த்தார். காப்டிக்கில் சூரியன் 'ரே'. அங்கிருந்து 'ராம்செஸ்' என்று படித்துவிட்டார். தனியாக இருக்கும்போது தனக்குத்தானே காப்டிக்கில் பேசிக்கொள்வதாக எழுதிய மனிதர் அவர். வீட்டில் என்ன சொன்னார்களோ பாவம். வரலாறு அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். காப்டிக் ஒன்றல்ல, பல வட்டார வழக்குகள். தேவாலயத்தில் இன்றும் கேட்பது வடக்கின் போஹைரிக். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் முதலில் சொல்லித்தருவது தெற்கின் சாகிதிக், ஏனென்றால் பழைய இலக்கியத்தில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாடி வளர்ந்த பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்தால், தெரிந்த மொழியே வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரே நிற்கும்.

முதல் ஆண்டில் பெரிய அடி எதுவும் இல்லை. 'அஃப்சோத்ம்' என்றால் 'அவன் கேட்டான்'. பிரித்துப் பாருங்கள். 'அ' இறந்தகாலம், 'ஃப்' அவன், 'சோத்ம்' கேள். நம் 'கேட்டான்' எப்படி? கேள், ட், ஆன். வினை, காலம், ஆள். அதே மூன்று பெட்டி, அதே ரயில். தமிழில் எஞ்சின் முன்னால், காப்டிக்கில் கடைசியில். 'ஃப்'-ஐ எடுத்துவிட்டு 'ஸ்' போட்டால் 'அஸ்சோத்ம்', அவள் கேட்டாள். 'இன்னும் கேட்கவில்லை' என்பதற்கென்றே தனியாக ஒரு முன்னொட்டு வேறு உண்டு, 'ம்பாதெஃப்சோத்ம்'. வீட்டுப்பாடம் எழுதாத மாணவர்களுக்காகவே செய்துவைத்தது போல இருக்கும்.

இரண்டாம் ஆண்டில்தான் ஆட்டம் மாறுகிறது.

முதல் அடி 'கட்டு' என்ற வினை. 'கோத்' என்றால் கட்டு. அதன் பின்னாலேயே செயப்படுபொருள் ஒட்டினால் 'கெத்'. பொருள் 'அதை' போன்ற சுட்டுப்பெயராக இருந்தால் 'கொத்'. கட்டி முடித்து நிற்கும் நிலையைச் சொன்னால் 'கேத்'. க, த இரண்டும் அசையாமல் நிற்க, நடுவில் உயிர் மட்டும் ஆடுகிறது. 'அஃப்கெத் பேய்', அவன் வீட்டைக் கட்டினான். 'பேய்' என்றால் வீடு! நம் ஊரில் இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் படிக்காதீர்கள். சரி, அதே ஆள் இப்போது கட்டிக்கொண்டிருந்தால்? 'ஃப்கெத் பேய்' என்று சொல்ல முடியாது. நிகழ்காலத்தில் பொருள் வினையோடு நேரே ஒட்டக் கூடாது, நடுவில் ஓர் உருபு வரவேண்டும்: 'ஃப்கோத் ம்பேய்'. யெர்ன்ஷ்டெட் விதி என்பார்கள். இதற்கும் விலக்கு உண்டு, 'விரும்பு' என்ற வினை. விதியை எழுதிவைத்தவுடனே அதை மீற ஒரு வினை வந்துவிடுகிறது. எனக்கு இந்த விதியைப் பிடிக்கவே இல்லை, அடுத்ததற்குப் போகிறேன்.

[திரையில்: ஒரே ஒரு சொல். 'எஃப்சோத்ம்'.]

இதுதான் அந்தத் தலைவலி. 'எஃப்சோத்ம்'. 'ஃப்சோத்ம்', அதாவது 'அவன் கேட்கிறான்', அதற்கு முன்னால் ஒரு 'எ' கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இதற்கு இரண்டு வாழ்க்கை. ஒன்று, 'அவன் கேட்டுக்கொண்டு' என்று வேறொரு வினையோடு தொங்கும். இன்னொன்றில், அதே எழுத்து, அதே ஒலி, வாக்கியத்தின் அமைப்பையே மாற்றிவிடும். அந்த இரண்டாவது வகைக்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் 'இரண்டாம் காலங்கள்'. கற்பனை வறட்சியைப் பாருங்கள். முதலாவது காலம், இரண்டாவது காலம், என்ன வித்தியாசம் என்று யாருக்கும் தெளிவில்லை. நீண்ட காலம் அப்படியே ஓடியது.

1944-இல், உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜெருசலேமில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹான்ஸ் யாக்கோப் பொலோட்ஸ்கி பிரெஞ்சில் ஒரு நூல் எழுதி முடிச்சை அவிழ்த்தார். அவர் சொன்னது இதுதான்: இந்த வடிவத்தில் வினை பயனிலையாக இல்லை. அது பெயராகி எழுவாய் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பயனிலை, பின்னால் வருகிற 'எப்போது, எங்கே, எப்படி' என்கிற பகுதி.

ஐரோப்பிய மாணவருக்கு இதைப் புரியவைக்கப் பலகை நிறையப் படம் போடவேண்டும். நமக்கு?

'அவன் நேற்று வந்தான்.'
'அவன் வந்தது நேற்று.'

முடிந்தது!

முதல் வாக்கியம் காப்டிக்கில் 'அஃபீ ந்ஸாஃப்'. இரண்டாவது 'ந்தஃபீ ந்ஸாஃப்'. 'வந்தது' என்று சொன்ன அந்த நொடியில் வினை பெயராகிவிட்டது. அவன் வந்த செய்தி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், புதுச் செய்தி 'நேற்று' மட்டும். டீக்கடையில் தினம் பேசுகிற வாக்கியம் இது. அதனால்தான் காப்டிக்கில் எங்கே, எப்போது என்று கேட்கும் கேள்விகளில் இந்த இரண்டாம் காலம் அடிக்கடி வந்து நிற்கும். 'நீ இங்கே வந்தது எப்போது?' நாமும் அப்படித்தானே கேட்கிறோம்?

இன்னும் இருக்கிறது, நில்லுங்கள். எதிர்மறைக்கு வாருங்கள். 'ம்பெஃபீ' என்றால் 'அவன் வரவில்லை'. ஆள் வரவே இல்லை. 'ந்தஃபீ அன் ந்ஸாஃப்' என்றால் 'அவன் வந்தது நேற்று அல்ல'. ஆள் வந்தான், நாள்தான் தப்பு. முதலாவதில் மறுப்பு வினையைத் தின்கிறது. இரண்டாவதில் அது வினையைத் தொடாமல் தாண்டிப்போய் 'நேற்று' மேல் விழுகிறது. நம் 'இல்லை', 'அல்ல' இரண்டும் செய்கிற அதே வேலைப் பிரிவினை! இப்போது எல்லா இடத்திலும் 'இல்லை' என்றே எழுதித் தள்ளுகிறோம். 'அல்ல' மெலிந்துகொண்டே போகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. கமெண்டில் சண்டைக்கு வரலாம்.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. 'வந்தது ராமன்' என்று ஆளையும் இதே அச்சில் வார்க்கிறோம். காப்டிக்கில் ஆளை அழுத்திச் சொல்ல வேறு அமைப்பு. இரண்டையும் குழப்பினால் வாத்தியார் சிவப்பு மை எடுப்பார்.

அப்புறம், 'அப்படியானால் எகிப்தியர் தமிழரே' என்று எழுத விரல் துடிக்கிறவர்களுக்கு: வேண்டாம். காப்டிக் அரபி, எபிரேயத்தின் தூரத்து உறவு. நமக்கு அங்கே வியாபாரம் உண்டு, செங்கடல் துறைமுகமான குஸைர் அல் காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அது சரக்கின் கதை. இலக்கணம் ஒத்துப்போவது வேறு கதை.

'எஃப்சோத்ம்' எந்த வகை என்று பரீட்சையில் எப்படிப் பிடிப்பது? வாக்கியத்தில் வேறு முழுவினை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் 'கேட்டுக்கொண்டு'. இல்லாமல், பின்னால் ஒரு கேள்விச்சொல்லோ கனமான இடமோ காலமோ உட்கார்ந்திருந்தால் 'கேட்பது'. சில இடங்களில் அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், அதனால் தைரியமாக எழுதுங்கள்.

அகராதி பற்றி ஒரே வாக்கியம்: 1939-இல் முடிந்த கிரம் அகராதி மெய்யெழுத்தை வைத்து அடுக்கப்பட்டது, உயிரை மறந்துவிட்டுத் தேடினால்தான் சொல் அகப்படும்.

இதையெல்லாம் தாண்டினால் படிக்க என்ன கிடைக்கும்? 1945-இல் நாக் ஹம்மாதி அருகே கிடைத்த ஏடுகளில் தோமா பெயரில் இயேசுவின் 114 கூற்றுகள் இருக்கின்றன. நம் பரங்கிமலை மரபு சொல்கிற அதே தோமா. அவரே எழுதினார் என்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் பெயரைப் பாருங்கள், 'திதிமோஸ் யூதாஸ் தோமா'. திதிமோஸ் கிரேக்கத்தில் இரட்டையர், தோமா அரமேயத்தில் இரட்டையர். 'நடு சென்டர்' என்பது போல.

எனக்குப் பிடித்தவை பானை ஓடுகள். தீப்ஸ் பக்கத்துத் துறவிகள் உடைந்த ஓட்டில் கடிதம் எழுதினார்கள். எட்டாம் நூற்றாண்டில் ஃப்ராங்கே என்று ஒருவர், ஒரு பழைய கல்லறைக்குள் குடியிருந்து துணி நெய்து, புத்தகம் கட்டி, ஓடு ஓடாக எழுதிக் குவித்தார். இந்த ஓட்டுக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி: மன்னிக்கவும், பாப்பிரஸ் (நாணல் தாள்) கிடைக்கவில்லை.

வீட்டுப்பாடம். 'அவள் வந்தது நேற்று அல்ல.' 'அவன்' என்பதற்கான வாக்கியத்தைக் கொடுத்துவிட்டேன், 'ஃப்'-ஐ எதுவாக மாற்றவேண்டும் என்பதும் மேலே இருக்கிறது. காப்டிக்கில் எழுதிக் கமெண்டில் போடுங்கள். ஓடு கிடைத்தால் அதில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள், சரியான முதல் விடையைப் பின் செய்கிறேன்.