கப்பலில் காத்திருந்த அமெரிக்கர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கரை ஒரே மக்களாக்குவது பண்பாடா, கொள்கையா என்பது கேள்வி. எதிரணித் தலைவர் ஆங்கில மொழி, தேவாலயம், நன்றி நவிலல் நாள் விருந்து, பேஸ்பால் என்று அழகாக அடுக்கினார். அந்தப் பந்தியில் இலை போடப்படாதவர் எதைக் காட்டி உள்ளே வந்தார்? அதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

வோங் கிம் ஆர்க். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர். 1895-இல் சீனா போய்த் திரும்பியவரைக் கரையிறங்க விடவில்லை. கண்ணெதிரே பிறந்த ஊர். காலடியிலோ கப்பல் தளம். மாதக்கணக்கில் கப்பல் விட்டுக் கப்பல் மாற்றி அடைத்துவைத்தார்கள். இனம், மொழி, நிறம், உடை எல்லாவற்றாலும் இவர் சீனர் என்று அரசுத் தரப்பு எழுதிக் கொடுத்தது. நடுவர் அவர்களே, எதிரணியின் பட்டியலும் இந்தப் பட்டியலும் எவ்வளவு நெருங்கிய உறவு, பாருங்கள்! 1898-இல் உச்ச நீதிமன்றம் பட்டியலை ஒதுக்கிவிட்டு, அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமக்கள் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தத்தைக் கையில் எடுத்தது. ஆறு நீதிபதிகள் அவர் பக்கம், இருவர் எதிர்ப்பக்கம். அவர் அமெரிக்கர் என்று தீர்ப்பானது.

எல்லோரும் சமம் என்று 1776-இல் விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தாரே என்பார்கள். உண்மைதான், எனக்கும் அது நெஞ்சில் தைத்த முள். ஆனால் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் என்ன செய்தார்? 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் மேடையில், இந்த விடுதலை நாள் உங்களுடையது, என்னுடையது அல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதே மூச்சில், அந்தப் பிரகடனத்தின் கொள்கைகளைக் கைவிடாதீர்கள் என்றும் சொன்னார். 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் அதைக் கடன் பத்திரம் என்றார்; கறுப்பின மக்களுக்குக் கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பிவிட்டது என்றார். கடன் பத்திரம் இருந்ததால்தானே வாசலில் நின்று கேட்க முடிந்தது? பண்பாட்டைக் காட்டி யாரிடம் கடன் கேட்பது?

குடியுரிமைக்கு ஆங்கிலத் தேர்வு உண்டே என்று எதிரணி அடுத்துக் கேட்கும். உண்டு. ஆனால் 50 வயது கடந்து, 20 ஆண்டு நிரந்தர வசிப்புரிமையோடு அங்கே வாழ்ந்தவருக்கு ஆங்கிலத்தில் விலக்கு உண்டு. நம் ஊர்ப் பாட்டி ஒருவர் மொழிபெயர்ப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். மொழியை விட்டுக்கொடுத்த அந்த அதிகாரி, வயதைப் பார்த்து அரசியல் சட்டக் கேள்விகளை விட்டுவிடுவதில்லை. ஏன் என்பதற்கு எதிரணி விடை சொல்லட்டும்.