கையை எடுக்கிற விதம்

எல்லாருக்கும் வணக்கம். ஜப்பான் டீ செரிமனி, அதாவது விருந்தாளிக்கு முறைப்படி டீ போட்டுக் குடுக்கிறத பத்தி ரேடியோல பேசணும்னு கூப்பிட்டதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். கியோட்டோல இருந்த மூணு வருஷமும் சனிக்கிழமையானா ஒரு டீச்சர் வீட்டுக்குப் போய் கத்துக்கிட்டேன்.

முதல் நாளே டீ போட சொல்லித் தருவாங்கன்னு போனா, கையில ஒரு பட்டுத்துணிய குடுத்தாங்க. ஃபுகுசான்னு பேரு, பெண்களுக்கு சிவப்பு, ஆண்களுக்கு ஊதா. இடுப்புல இடது பக்கம் சொருகியிருக்கிறத உருவி, முக்கோணமா பிடிச்சு, மடிச்சு, மறுபடி மடிச்சு... கைக்குட்டை மடிக்கிற மாதிரிதான் தோணும், ஆனா அதையே ரெண்டு மாசம் செஞ்சோம். இப்படி வேலைய துண்டு துண்டா பிரிச்சு பழக்குறதுக்கு வாரிகெய்கோன்னு பேரு. துணி மடிக்க தனியா, சாசென்னு சொல்ற மூங்கில் பிரஷ்ஷ வெந்நீர்ல அலச தனியா, கிண்ணம் துடைக்க தனியா, பாயோட விளிம்ப மிதிக்காம நடக்க கூட தனியா! நோட்டுல எழுதக் கூடாது. எழுதிட்டா கை கத்துக்காதுன்னு டீச்சர் சொல்வாங்க. மண்டி போட்டு குதிகால் மேலயே உக்காரணும், பத்து நிமிஷத்துல கால் மரத்துப் போயிடும், தரையில சம்மணம் போட்டு வளர்ந்த நமக்கே அப்படி.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. நட்சுமேன்னு ஒரு சின்ன அரக்கு டப்பா, உள்ள மாட்சாங்கிற பச்சை டீ பவுடர் இருக்கும். அத துடைச்சு பாய் மேல வைக்கணும், அவ்வளவுதான். நான் வைப்பேன், டீச்சர் "இன்னொரு தடவை"ன்னு சொல்வாங்க. வைப்பேன், "இன்னொரு தடவை". வச்ச இடம் சரி, பிடிச்ச விதமும் சரி, அப்புறம் என்னதான் தப்புன்னு புரியவே இல்ல. இப்படியே எத்தனையோ வாரம். ஒரு நாள் பக்கத்துல ரொம்ப வருஷமா கத்துக்கிற ஒரு பாட்டி அதே டப்பாவ வச்சாங்க. டப்பா பாயத் தொட்ட பிறகும் விரல் கொஞ்ச நேரம் அதுலயே இருந்துச்சு, அப்புறம் ஒவ்வொரு விரலா மெதுவா விலகுச்சு. நான் வைக்கிறதுக்கு முன்னாடியே அடுத்த சாமானுக்கு கைய நீட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!

அன்னைக்குத்தான் டீச்சர் சொன்னாங்க, ரிக்யூ பேர்ல வழங்குற நூறு பாட்டுல ஒண்ணு இருக்காம்: எந்த சாமான கீழ வச்சாலும், ஆசை வச்சவங்கள பிரியிற மாதிரி கைய எடுக்கணும்னு. சென் நோ ரிக்யூ 1522ல சாகாய் ஊர்ல பிறந்தவர், அப்ப ஜப்பான ஆண்ட ஹிதேயோஷிக்கு டீ மாஸ்டரா இருந்து 1591ல அவர் ஆணையாலயே உயிர விட்டவர். கியோட்டோ பக்கத்துல யாமாசாகில இருக்கிற தாய்-ஆன் அவர் கட்டினதா சொல்ற டீ அறை, மொத்தமே ரெண்டு பாய் அளவுதான். அவ்வளவு சின்ன இடத்துல உக்காந்தா கை விலகுறது கூட எதிர்ல இருக்கிறவங்க கண்ணுக்குத் தப்பாது, இல்லீங்களா. திரும்ப திரும்ப சொல்றேன்னு நினைக்காதீங்க, வைக்கிறத விட கைய எடுக்கிறதுதான் கஷ்டம். எனக்கு அது வர ஒன்றரை வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறம்தான் டீ. பவுடர் சுமார் ரெண்டு கிராம், கொதி அடங்கின வெந்நீர், சாசென்ன மணிக்கட்டால வேகமா அடிக்கணும். அந்த சாசென் ஒரே மூங்கில் துண்ட நுணுக்கமா கீறி செய்றது, நாரா பக்கம் தகாயாமால இதுக்குன்னே கைவினைஞர்கள் இருக்காங்க. நான் கத்துக்கிட்ட உராசென்கே வழியில மேல பூரா நுரை வரணும், ஒமோதேசென்கேல நுரைய கொஞ்சமா வச்சு நடுவுல பச்சைய தெரிய விடுவாங்க. ரெண்டுமே ரிக்யூ வம்சத்துல வந்த குடும்பங்கள்தான்.

நவம்பர்ல தரையில பதிச்ச அடுப்பு திறக்கிறத பத்தி நிறைய சொல்லணும்னு எழுதி வச்சிருந்தேன், டீக்காரங்களுக்கு அதுதான் புது வருஷம் மாதிரி, ஆனா ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு நிமிஷம்னு காட்டுறாங்க. இது மட்டும் சொல்லிடறேன். விருந்தாளியா போக வாய்ப்பு கிடைச்சா முதல்ல ஸ்வீட்ட முழுசா சாப்பிடுங்க, அப்புறம்தான் டீ. கிண்ணத்த இடது உள்ளங்கையில வச்சு, வலது கையால ரெண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, கிண்ணத்தோட முகப்புல வாய் வைக்கக் கூடாது. கடைசி வாய் உறிஞ்சுற சத்தம் வரட்டும், அது மரியாதைதான். குடிச்சிட்டு கிண்ணத்த கீழ வச்சதும் கைய உடனே எடுத்துடாதீங்க.

நன்றி, வணக்கம்.