லேன் மேல எண்ணெய், டிவியில மேட்ச்: டென்பின் பவுலிங் ஒளிபரப்பான கதை

[காட்சி: பளபளக்கும் மரத் தளம், கடைசியில் பத்து பின்]

2011 ஜனவரி, லாஸ் வேகாஸ். டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்ங்கிற பவுலிங் போட்டியோட அரையிறுதி. பின்லாந்து வீரர் மிகா கொய்வுனியெமி அதிகபட்சமான 300-க்கு 299 எடுத்தார். எதிர்ல ஆடின டாம் டாகர்ட்டி எடுத்தது 100. ரெண்டு பேரும் மாறி மாறி ஆடினது அதே ஜோடி லேன்லதான், அதாவது பந்து உருளற அதே ரெண்டு தளத்துலதான்.

ஒரே லேன் ஒருத்தருக்கு வசப்படும், இன்னொருத்தரைக் கைவிடும். அதுக்கு முக்கியமான காரணம் டிவியில தெரியாது. பந்து போடறவர் தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைன்லருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. அதுல முதல் 40 அடி வாக்குல எண்ணெய் பூசியிருப்பாங்க. எண்ணெய் மேல பந்து வழுக்கும், காய்ஞ்ச இடம் வந்ததும் பிடிச்சுத் திரும்பும். இந்தத் திருப்பத்துக்குப் பேர் ஹூக். ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைச்சிட்டுப் போறதால, ஆட ஆட ஹூக் சீக்கிரமே ஆரம்பிச்சிடும். அப்பவும் அதே இடத்துல நின்னு போட்டா பந்து முதல் பின்ல நேரா மோதும். மிச்சம் நிக்கறது ஸ்பிளிட்தான், அதாவது நடுவுல இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி நிக்கற பின்கள்.

[காட்சி: பழைய கருப்பு வெள்ளை ஒளிபரப்பு]

1958-ல எடி இலையாஸ்ங்கிற வழக்கறிஞர் ஒஹையோவோட ஆக்ரன் நகரத்துல தொழில்முறை பவுலிங் வீரர்களோட சங்கமான பி.பி.ஏ. அமைப்பைத் தொடங்கினார். அப்போ டிவியில பவுலிங் ஏற்கனவே ஓடிட்டுதான் இருந்தது. ஒரே இடத்துல நடக்கற ஆட்டம், ரெண்டு மூணு கேமரா போதும், செலவும் கம்மி. 1962-லருந்து ஏ.பி.சி. சேனல் சனிக்கிழமை மதியம் பி.பி.ஏ. போட்டிகளைக் காட்டுச்சு. வர்ணனை கிறிஸ் ஷெங்கல். 1967 ஏப்ரல் 1, ஆக்ரன்ல ஜாக் பியொண்டொலில்லோ 12 ஸ்ட்ரைக் (ஒரே பந்துல பத்து பின்னும் சாயறது) தொடர்ச்சியா அடிச்சு 300 எடுத்ததை அந்தச் சேனல் நேரலையா காட்டுச்சு.

டிவிக்காகவே செதுக்கின மாதிரி ஒரு முறை உண்டு, ஸ்டெப்லேடர். அஞ்சு பேர் ஃபைனலுக்கு வருவாங்க. அஞ்சாவது ஆளும் நாலாவது ஆளும் மோதுவாங்க, ஜெயிச்சவர் மூணாவது ஆளோட, அப்புறம் ரெண்டாவது ஆளோட, கடைசியா முதல் ஆளோட. மொத்தம் நாலு கேம், ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். பார்க்கறவங்களுக்கு அருமை. ஆனா வாரம் முழுக்க முன்னணியில இருந்தவருக்கு இது அநியாயம்தான். மத்தவங்க மூணு கேம் ஆடி மாத்தி வச்ச எண்ணெய்ல, ஒரே கேம்ல பட்டத்தைத் தோத்துடலாம்.

[காட்சி: 7, 10 எண் பின்கள் மட்டும்]

பின்வரிசையோட ரெண்டு மூலை. நடுவுல 3 அடி, பந்தோட அகலம் எட்டரை அங்குலம். ஒரு பின்னை அடிச்சு, அது எகிறி மத்ததைச் சாய்ச்சாதான் உண்டு. 1980-ல மார்க் ராத் இதை டிவி போட்டியில முதல் தடவையா சாதிச்சார். 2021-ல அந்தோணி நியூர் சாதிச்சப்போ வயசு 18.

1997 ஜூன்ல ஏ.பி.சி. பவுலிங் ஒளிபரப்பை நிறுத்திடுச்சு. பார்க்கறவங்க குறைஞ்சாங்க, இருந்தவங்களும் பெரும்பாலும் வயசானவங்க, விளம்பரம் கொடுக்கறவங்க தேடினது இளசுகளை. 2000-ல மைக்ரோசாஃப்ட்டோட முன்னாள் அதிகாரிகள் மூணு பேர் பி.பி.ஏ.வை வாங்கினாங்க. அப்புறம் காட்டினது ஈ.எஸ்.பி.என்., 2019-ல ஃபாக்ஸ் சேனலுக்கு மாறுச்சு. இடையில எண்ணெய்ல நீலச் சாயம் கலந்துகூட காட்டிப் பார்த்தாங்க. நல்ல யோசனை, ரொம்ப முன்னாடியே செஞ்சிருக்கணும்.

சாயம் இல்லாத மேட்ச் பார்க்கறீங்கன்னா வீரரோட காலைக் கவனிங்க. ஒரு கேம்ல பத்து சுற்று, ஒவ்வொண்ணும் ஒரு ஃப்ரேம். வலது கைக்காரர் நாலாவது, அஞ்சாவது ஃப்ரேம்ல தளத்துல பதிச்ச ரெண்டு பலகை அளவுக்கு இடது பக்கம் நகர்ந்து நின்னா, அவர் பாதையில எண்ணெய் தீர ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம்.