அடுப்புப் புகையும் ஓர் இதய மருத்துவரும்

நண்பர்களே,

மருத்துவர் பத்மாவதியைப் பற்றிப் பேசுவதென்றால் பட்டங்களிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. ஒரு மண் அடுப்பிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு பெண் குனிந்து அடுப்பை ஊதுகிறாள். ஈர விறகு, வறட்டி. கண் எரிகிறது, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதுகிறாள். சிறுமியாக இருந்தபோதே பழகிய வேலை. அந்தப் புகை ஆண்டுக்கணக்கில் நெஞ்சுக்குள் இறங்கினால் நுரையீரல் கெடும். கெட்ட நுரையீரலுக்குள் இரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயத்தின் வலப்பக்கம் பருத்துத் தளரும். கால் வீங்கும், நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும்.

1950களில் டெல்லியில் இப்படி வந்த 127 நோயாளிகளை பத்மாவதி ஆராய்ந்தார். புகைப்பழக்கம் ஆண்களிடம்தான் அதிகம். பெண்களுக்கும் ஏறக்குறைய அதே அளவில், அதுவும் இளம் வயதிலேயே ஏன் வருகிறது? அவருக்குக் கிடைத்த விடை, அடுப்புப் புகை. அவருடைய பணிகளிலேயே எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுதான். எத்தனையோ பேர் தினமும் பார்த்த புகையை அவர் நோயின் காரணமாகப் பார்த்தார்!

பர்மாவில் 1917இல் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தார். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு அவரைக் கோயம்புத்தூருக்குத் துரத்தியது. போர் முடிந்தபின் லண்டன், பிறகு அமெரிக்கா. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர், குழந்தைகளின் இதய மருத்துவர் ஹெலன் டௌசிக். செவித்திறன் குன்றிய அந்த அம்மையார், குழந்தையின் மார்பில் விரல்நுனிகளை வைத்தே இதயத்தின் அதிர்வைப் படித்தவர். கருவியைவிட நோயாளியின் உடம்பு முதலில் பேசும் என்பதை அந்த விரல்களைவிட யார் கற்றுத்தந்திருக்க முடியும்?

1953இல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்தைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தை அங்கே அமைத்தார். இந்தியாவின் முதல் பெண் இதயநோய் நிபுணர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்தக் கூடத்துக்கு வந்தவர்களையும் நினைக்க வேண்டும். தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலாகி, இதய வால்வே சுருங்கிப்போன இளவயதினர் அன்று எத்தனை எத்தனை பேர்! வேளாவேளைக்கு பென்சிலின் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம் என்று தெரிந்தும் கைபிசைந்து நிற்பது எவ்வளவு கொடுமை! வருமுன் காப்பதற்கென்றே 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையைத் தொடங்கினார். 1981இல் தேசிய இதய நிறுவனம் என்ற மருத்துவமனை எழுந்தது.

பத்ம விபூஷண் உட்பட விருதுகள் பல வந்தன. தொண்ணூறு வயதைக் கடந்தும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2020 ஆகஸ்ட் 29 அன்று, தாம் உருவாக்கிய அந்த மருத்துவமனையிலேயே, கொரோனா தொற்றால் நுரையீரல் பாதிக்கப்பட்டு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 103.