பரணைத் திறந்து காட்டுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஆனி பிறந்துவிட்டால் வாடகை வீடுகளில் ஒரு பரபரப்பு வந்துவிடும். ஆடிக்குள் புது வீட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், மாற்றல் உத்தரவு வருகிற சமயமும் அதை ஒட்டித்தான். ஆகவே முகூர்த்தமும் ஞாயிறும் ஒன்றாக வருகிற நாளில் வண்டி கிடைக்காது, ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி எகிறும். புது வீட்டுச் சாவி நாலு நாள் முன்னதாகக் கிடைக்குமானால், நல்ல நாளில் ஒரு அடுப்பும் பாத்திரமும் கொண்டுபோய்ப் பாலைக் காய்ச்சிவிடுங்கள். சாமானைப் புதன், வியாழனில் ஏற்றிக்கொள்ளலாம். ஆள் அவசரமில்லாமல் வேலை செய்வார்கள்.

சரி, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் விஷயத்துக்கு வருவோம். இணையத்தில் ஏதோ ஒரு தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் கால்மணி நேரத்துக்குள் வரிசையாக அழைப்பு வரும். "டூ பிஹெச்கேவா சார்? பதினாலாயிரம் ஆகும்." வீட்டைப் பார்க்கவில்லை, எந்த மாடி என்று கேட்கவில்லை, தொகை மட்டும் சொல்லியாகிவிட்டது. இந்தத் தொகையை நம்பி முன்பணம் அனுப்புகிறவர்களுக்குத்தான் பின்னால் தலைவலி.

ஏனென்றால் வீட்டுச் சாமானுக்கு எடையைவிட அது அடைக்கும் இடம்தான் கணக்கு. குட்டி யானை போதுமா, 14 அடி வண்டியா, 17 அடியா என்பதிலேயே வாடகை பாதி முடிவாகிவிடும். அப்புறம் மாடி, லிஃப்ட், வாசல் வரைக்கும் லாரி வருமா, தெருமுனையில் நின்றுவிடுமா. முனையிலிருந்து தூக்கி வருவதற்குத் தனிக் கூலி கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். ஆனால் அதை முதல் நாளே பேச வேண்டும், ஏற்றுகிற நாளில் அல்ல.

நேரில் வந்தோ, வீடியோ அழைப்பிலோ வீட்டைப் பார்க்காமல் தொகை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். பார்க்க வருகிறவருக்குக் கூடத்தையும் படுக்கையறையையும் காட்டிவிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பரணை யார் காட்டுகிறார்கள்? நம் வீடுகளில் சாமானில் நல்ல பங்கு பரணில்தான் இருக்கிறது. கொலு பொம்மை, கொலுப்படி, அண்டா, பழைய பெட்டிகள், இப்போது பெரியவனாகிவிட்ட பையனின் சைக்கிள். கட்டிலுக்கு அடியில் ஒரு வரிசை, பால்கனியில் பூந்தொட்டிகள். இதெல்லாம் கணக்கில் வராமல் 14 அடி வண்டி வந்து நிற்கும். பாதி ஏறியதும், "சார், சாமான் கூடுதலா இருக்கு, இன்னொரு ட்ரிப் அடிக்கணும்" என்பார்கள். வீடு காலி, சாவியை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும், குழந்தைகள் ரயில் நிலையத்தில். யார் பேரம் பேச முடியும்? அதனால்தான் சொல்கிறேன், பரணைத் திறந்து காட்டுங்கள்.

காட்டியதை எழுத்தில் வாங்குங்கள். சாமான் பட்டியல் வேண்டும். பீரோ 1, கட்டில் 2, அட்டைப்பெட்டி சுமார் 25 என்று. அதன் கீழே பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி, பிரித்து மாட்டும் வேலை, டோல், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்று ஒரு வரி. "எல்லாம் இன்க்ளூடட் சார்" என்று ஃபோனில் சொன்னது இறக்குகிற இடத்தில் செல்லாது. ஏசியைக் கழற்றுவது பெரும்பாலும் இதில் சேராது. கழற்றுகிறவர் வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைத்துவிட்டுத்தான் செம்புக் குழாயைக் கழற்ற வேண்டும். தெரியாத ஆள் கை வைத்தால் வாயு முழுக்கப் போய்விடும், புது வீட்டில் அதை நிரப்ப ஒரு செலவு.

ஏற்றுகிற நாளன்று இன்னொரு பட்டியல் எழுதுவார்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே நிலைமை என்று ஒரு கட்டம் உண்டு. கவனித்துப் பாருங்கள், மேலிருந்து கீழ் வரை "பழையது, கீறல் உண்டு" என்று ஒரே இழுப்பாக எழுதியிருப்பார்கள். புது டிவிக்கும் கீறல், போன தீபாவளிக்கு வாங்கிய ஃபிரிட்ஜுக்கும் கீறல். இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக்கு உடைந்தாலும் "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தைத் திருத்தாமல் கையெழுத்து வேண்டாம். டிவியைப் போட்டு, படம் ஓடுகிற நிலையிலேயே செல்போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங்கில் எது உடைகிறது? கண்ணாடி என்று நினைப்போம். கண்ணாடி என்றால் எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். நம் வீட்டு வெட் கிரைண்டரைப் பாருங்கள். பாத்திரத்துக்குள் கல்லை அப்படியே வைத்து, மேலே பபிள் ஷீட் சுற்றி ஏற்றிவிடுவார்கள். நெடுஞ்சாலைக் குலுக்கலில் அந்தக் கல் உள்ளே ஆடி ஆடி, பாத்திரத்தையும் அச்சையும் சேர்த்துக் கெடுக்கும். கல்லை வெளியே எடுத்து, துணி சுற்றி, தனிப் பெட்டியில் அடியில் வைக்க வேண்டும். புத்தகமும் அப்படித்தான். பெரிய பெட்டியில் நிறையப் போட்டால் தூக்கும்போது அடி கிழியும். சின்னப் பெட்டி, 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிற்கவைத்து அடுக்கச் சொல்லுங்கள். மண் பொம்மைக்கு முதலில் மெல்லிய தாள், அதன் மேல்தான் பபிள் ஷீட். நேராகச் சுற்றினால் வெயிலில் வண்ணம் ஒட்டிக்கொண்டு வரும்.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு வாங்கும்போது பின்னால் நீண்ட போல்ட்டுகள் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? டிரம் ஆடாமல் பிடிக்க அவை வேண்டும். இருந்தால் தேடி எடுத்து மாட்டச் சொல்லுங்கள். டிவியைப் படுக்கப் போடவே கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரி நிமிர்ந்தே வர வேண்டும், சாய்ந்தால் அமிலம் கீழே இருக்கும் மெத்தையை அரித்துவிடும். கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். வேறு ஊருக்குப் போகிறவர்கள் விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து, அதற்கான வவுச்சரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். கட்டில், அலமாரியைப் பிரித்தால் அந்தந்த ஸ்க்ரூவைச் சிறு பையில் போட்டு அந்தந்தப் பலகையிலேயே ஒட்டச் சொல்லுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரியை அடிக்கடி பிரித்தால் ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துவிடும், முடிந்தால் பிரிக்காமலே ஏற்றுவது மேல்.

வேறு ஊர் என்றால் தனி வண்டியா, பகிர்ந்த வண்டியா என்று கேளுங்கள். பகிர்ந்தது மலிவு. ஆனால் சாமான் நடுவில் கிடங்கில் இறங்கி, வேறு லாரியில் ஏறும். தேதி தள்ளும், இரண்டு முறை கை மாறும். எந்தெந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற உங்கள் பட்டியல், ஆமாம், மறுபடியும் பட்டியல்தான், அப்போது கைகொடுக்கும்.

நேரம் குறைவாக இருப்பதாக நிலையத்து நண்பர் சைகை காட்டுகிறார். காப்பீடு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். இன்சூரன்ஸ் என்று பில்லில் 3 சதவீதம் போடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் போட்ட பாலிசி நகல் கையில் வந்தால்தான் அது காப்பீடு. ஏற்றுவதற்கு முன் கேளுங்கள். லாரி ரசீதில் "உரிமையாளர் பொறுப்பு", அதாவது சேதமானால் சாமானுக்குச் சொந்தக்காரரே பொறுப்பு என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சாமானின் மதிப்பை எழுதிக் கொடுத்து, கூடுதல் பொறுப்புக்கான கட்டணமும் கட்டவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் விதிகளின்படி இழப்பீடு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும்.

இறக்கும்போது "நல்ல நிலையில் பெற்றேன்" என்று இருந்தால் அதன் பக்கத்தில் "பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உடைந்தது தெரிந்தால் உடனே படம் எடுத்து, அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். ஏற்றிய நாளிலிருந்து அல்ல, பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அது போய்ச்சேர வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். வழியில் வண்டியை நிறுத்திக்கொண்டு கூடுதல் பணம் கேட்டால், கேட்டதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணக்கம்.