மண்குடமும் பொன்குடமும்

நண்பர்களே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'தேர்தலும் நல்லிணக்கமும்'. இந்தத் தலைப்பில் பேசுவது சுலபம். எல்லோரும் அன்பாக இருங்கள் என்று நான் சொல்வேன், நீங்கள் கைதட்டுவீர்கள், வெளியே போனதும் போனைத் திறந்து விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வீர்கள். நானும் தொடர்வேன். அதனால் அன்பை இன்றைக்கு விட்டுவிடலாம். எதிர்க்கட்சிக்காரர் மீது அன்பு வராவிட்டால் பரவாயில்லை, கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதும்.

என்ன கணக்கு? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கணக்குதான். நம் கட்சிக்காரர் வாய் தவறினால் அது 'பேச்சு வேகத்தில் வந்தது'. எதிர்க்கட்சிக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் 'உள்ளே இருப்பதுதான் வெளியே வந்திருக்கிறது'.

என் கதையையே சொல்கிறேன். போன தேர்தலில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டேன். எதிர்க்கட்சியின் பொதுக்கூட்டத் திடல், வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மேலே 'மக்கள் வெள்ளம்!' என்று ஒரு வரி, பக்கத்தில் சிரிக்கும் பொம்மைகள் நாலைந்து. என் மனைவியின் அண்ணன் அந்தக் கட்சிக்காரர். கால் மணி நேரம் கழித்து ஒரே வரியில் பதில் போட்டார்: 'மாப்ளே, மேடையில மைக் கட்டிக்கிட்டு இருக்கான் பாரு.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடையில் இரண்டு பேர் ஒயரைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நாற்காலிகள் சிலவற்றை இன்னும் அடுக்கிலிருந்து பிரிக்கவே இல்லை. கூட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்னால் எடுத்த படம். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். 'உங்க ஆளுங்க போடாத பொய்யா மச்சான்?' என்று எழுதினேன். அதற்கு அவர் பதில் போடவில்லை. ஒரு மாதம் பேச்சே இல்லை.

நான் பொய் சொல்ல நினைத்து அந்தப் படத்தைப் போடவில்லை. அதே மாதிரி ஒரு படம் என் கட்சியைப் பற்றி வந்திருந்தால் முதலில் மேடையைத்தான் பார்த்திருப்பேன், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வெயில் எத்தனை மணி வெயில் என்று துப்பறிந்திருப்பேன். எதிர்க்கட்சி என்றதும் என் கண் நாற்காலியோடு நின்றுவிட்டது.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி என்று நினைத்து நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் ஜெஃப்ரி கோஹன் என்ற உளவியலாளர் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர்களிடம் ஒரு நலத்திட்டத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சிலருக்குத் தாராளமாக உதவி கொடுக்கும் திட்டம், சிலருக்குக் கையை இறுக்கிப் பிடிக்கும் திட்டம். கூடவே, இதை ஆதரிப்பது எந்தக் கட்சி என்றும் ஒரு தகவல். இந்தத் தகவலை அவர் வேண்டுமென்றே மாற்றி மாற்றிக் கொடுத்தார். திட்டத்தில் என்ன இருந்தது என்பது ஏறக்குறைய பொருட்டாகவே இல்லை. தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்றால், வழக்கமாகத் தாங்கள் எதிர்க்கும் வகைத் திட்டத்துக்கே மாணவர்கள் தலையாட்டினார்கள். அதைவிட சுவாரசியம் அடுத்தது. 'கட்சியைப் பார்த்தா முடிவு செய்தீர்கள்?' என்று கேட்டால், 'சேச்சே, திட்டத்தைப் படித்துத்தான்' என்கிறார்கள். மற்றவர்கள் வேண்டுமானால் கட்சியைப் பார்ப்பார்களாம்.

அந்த நாட்டிலேயே 2018-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. குடியரசுக் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். சராசரியாக 38 சதவீதம் என்றார்கள். உண்மையில் 2 சதவீதம்தான். அதாவது எதிர்க்கட்சிக்காரர் என்று நாம் மனதில் வைத்துச் சண்டை போடும் ஆள் பெரும்பாலும் இல்லாத ஆள். பாவம், இருக்கிற ஆள் அடி வாங்குகிறார்.

சரி, அப்படியானால் எதிர்க்கவே கூடாதா? நன்றாக எதிர்க்கலாம். பெரியாரையும் ராஜாஜியையும் எல்லா மேடையிலும் நட்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதில் பெரியார் இறுதிச் சடங்குக்கு வந்து கண்ணீர் விட்டதைச் சொல்லி நெகிழ்வார்கள். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்தாரே, அதில் நட்புக்காக ஒரு சொல்லைக் குறைத்தாரா? இல்லை. 1954-ல் ராஜாஜி பதவியை விட்டே விலகினார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

2008 அக்டோபரில் ஒரு காட்சி. அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னின் பிரச்சாரக் கூட்டம். ஒரு பெண் மைக்கை வாங்கி, ஒபாமாவை நம்ப முடியவில்லை, அவர் ஓர் அரேபியர் என்கிறார். மெக்கெய்ன் தலையை ஆட்டிக்கொண்டே மைக்கைத் திரும்ப வாங்குகிறார். இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பத்து மனிதர், இந்த நாட்டுக் குடிமகன், அவரோடு எனக்கு அடிப்படை விஷயங்களில் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்கிறார். அதே கூட்டத்தில், ஒபாமாவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்று அவர் சொன்னபோது சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சல் போட்டார்கள். அரேபியர் என்றால் நல்லவராக இருக்க முடியாதா என்று பிற்பாடு அந்தப் பதிலையும் விமர்சித்தார்கள், அது நியாயமான விமர்சனம்தான். ஆனாலும் தன் கூட்டத்தில், தன் ஓட்டு கையைவிட்டுப் போகும் இடத்தில், அவர் மைக்கை வாங்கினார். நம் குரூப்பில் நம் ஆள் புரளியைப் போடும்போது நாம் செய்வது என்ன? கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்கிறோம்.

இன்னொன்று, சுருக்கமாக. பேசாமல் இருப்பவரை விட்டுவிடுங்கள். 'யாருக்கு ஓட்டு, சொல்லுங்க' என்று ஒருவரை மூலையில் நிறுத்துகிறோம். சொல்லாவிட்டால் எதிரி என்று எழுதிக்கொள்கிறோம். ஒரு காலத்தில் பிரிட்டனில் ஓட்டை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். நிலக்காரரும் முதலாளியும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் 1856-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் ரகசிய வாக்குச்சீட்டு வந்தது. பிரிட்டனுக்கு அது 1872-ல்தான் வந்தது. அவ்வளவு பாடுபட்டு நிலக்காரரை விரட்டிய இடத்தில், இப்போது சித்தப்பா வந்து நிற்கிறார்.

மச்சான் கதையை முடித்துவிடுகிறேன். வாக்கு எண்ணிக்கை அன்று அவர் கட்சி தோற்றது. மாலையில் அவருக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, 'சொல்லிக் காட்டத்தானே கூப்பிடுற மாப்ளே?' என்றார். 'இல்ல மச்சான், அந்த நாற்காலிப் படம்...' என்று இழுத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'அதை என்கிட்ட ஏன் சொல்ற? குரூப்ல சொல்லு' என்றார்.

எழுதினேன். முதலில் லைக் போட்டவர் என் மாமியார்.