கண்ணாடி போட்டதும் அப்பத்தா படிச்சாங்க!

வணக்கம் மக்களே! இன்னைக்கு சந்தை வீடியோ இல்ல, அது அடுத்த வாரம். எங்க எழுத்தறிவு வகுப்பைப் பத்திப் போட்ட போன வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார், "அறுபது வயசுக்கு மேல அ, ஆ படிச்சு கலெக்டராகவா போறாங்க?"ன்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. அவருக்குப் பதில் சொல்லிட்டுதான் மத்ததெல்லாம்.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துல சாயங்காலம் நான் சொல்லிக்கொடுக்கிற வகுப்புதான் அது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 15 வயசு தாண்டியும் எழுதப் படிக்கத் தெரியாத யாரும் வரலாம். எங்ககிட்ட வர்றது பூரா அப்பத்தாமாருங்கதான். நூறு நாள் வேலைக்குப் போயிட்டு வந்து, மாட்டைப் பிடிச்சுக் கட்டிட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து உட்காருவாங்க. அதுல ஒரு அப்பத்தா, கரும்பலகையில எழுதினா கணீர்னு படிப்பாங்க. புத்தகத்தைக் கையில கொடுத்தா, "மண்டையில ஏற மாட்டேங்குது ஆத்தா"ன்னு மூடி வச்சிருவாங்க. அவங்க புத்தகத்தைப் பிடிக்கிறதைப் பார்த்தேன். கையை நல்லா நீட்டி, தலையைப் பின்னால சாய்ச்சு, கண்ணைச் சுருக்கி... வெள்ளெழுத்து மக்களே, கிட்ட இருக்கிற எழுத்து மங்கலாத் தெரியுறது! நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். மண்டையைக் குறை சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க பாவம்!

கண்ணாடிக் கதையை முழுசா சொல்லணும், ஏன்னா என் சந்தோஷமே அதுலதான் இருக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. ஒண்ணு 200 ரூபாய்னார். மொத்தமா வாங்குறோம், வகுப்புக்குன்னு சொன்னேன், 160ன்னார். நான் நகரல. டீ வாங்கிக் கொடுத்தார், குடிச்சேன், அப்பவும் நகரல. கடைசியில 110! ஆனா பாருங்க, கண்ணாடி வைக்கிற பெட்டி தனியா 20 ரூபாயாம். பெட்டி இல்லாம கொடுத்தா அது அடுப்படியில விறகோட கிடந்து ஒரே வாரத்துல கீறல் விழுந்துரும். பெட்டிக்குக் காசு கேக்குறது எனக்குச் சுத்தமா பிடிக்கல. அரைமணி நேரம் பேசிப் பெட்டியையும் சேர்த்தே வாங்கிட்டுதான் வந்தேன்.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடியே ஆரம்ப சுகாதார நிலையத்துல கண் பார்க்கிறவர் வர்ற நாளாப் பார்த்து எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டோம். யாருக்கு என்ன பவர்னு எழுதி வாங்கிட்டுத்தான் கடைக்கே போனது. சிலருக்குப் புரை இருந்துச்சு, அவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அதனால நேரா கடைக்குப் போய்க் கண்ணுக்குத் தோதா இருக்கிறதை எடுத்துறாதீங்க.

அசாம் தேயிலைத் தோட்டத்துல ஒரு ஆய்வு நடந்துச்சு, 2018ல வெளியாச்சு. நாப்பது வயசுக்கு மேல உள்ள தொழிலாளர்கள்ல பாதிப் பேருக்குக் கிட்டத்துல இருக்கிறதைப் பார்க்கக் கண்ணாடி கொடுத்தாங்க. கிடைச்சவங்க, கிடைக்காதவங்களை விட 22 சதவீதம் போல கூடுதலா இலை பறிச்சிருக்காங்க. இலை பறிக்கவே கண்ணாடி இவ்வளவு உதவும்னா, 'ன'வுக்கும் 'ண'வுக்கும் சுழி எண்ணிப் படிக்கிறவங்களுக்கு எவ்வளவு உதவும்? எழுத்தறிவு வகுப்புன்னா பலகை, சாக்பீஸ், புத்தகத்தோட முதல் நாளே கண் பரிசோதனையும் இருக்கணும். இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இன்னொண்ணு. மண்டையில ஏறலன்ன அந்த அப்பத்தா, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்துல ஏற்கெனவே படிச்சவங்க! 1991ல நம்ம புதுக்கோட்டை மாவட்டமே கொந்தளிச்சுக் கிளம்புச்சே, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, பொம்பளைங்க எழுத்தோட சேர்த்துக் கூட்டம் கூட்டமா சைக்கிளும் கத்துக்கிட்டாங்களே, அப்போ. "சைக்கிள் இன்னும் மறக்கல, எழுத்துதான் போயிருச்சு"ங்கிறாங்க. ஏன் போச்சு? சைக்கிளை தினமும் மிதிச்சாங்க, தண்ணிக்குடம் கட்டிக்கிட்டுப் போனாங்க. எழுத்துக்கு வீட்டுல என்ன வேலை இருந்துச்சு? படிக்க ஒரு தாளும் இல்ல, படிச்சுக் காட்டச் சொல்லி யாரும் கேக்கவும் இல்ல.

இப்போ கேக்க ஆள் இருக்கு மக்களே! பேத்தி. அங்கன்வாடி போற குட்டி, அப்பத்தா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே வகுப்புக்கும் வந்துரும். பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல நான் தன்னார்வலரா இருந்த காலத்து வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், அங்கேயும் படிக்கிற பிள்ளையோட தம்பி தங்கச்சி ஒட்டிக்கிட்டே வரும். "சின்னதுங்க வந்தா தொந்தரவு, வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லுங்க"ன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வருவாங்க? விட்டுட்டு வரச் சொன்னா அப்பத்தாவும் வராம நின்னுருவாங்க.

இப்போ ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சு, படக்கதைப் புத்தகம் ஒண்ணைக் கொடுத்துர்றேன். கண்ணாடி போட்ட அன்னைக்கு அப்பத்தா விரல் வச்சு, "யா...னை... குளி...த்தது"ன்னு படிச்சாங்க. பேத்தி விடுமா? "அப்புறம்? அப்புறம்?"ன்னு தொடையைத் தட்டுது. அடுத்த பக்கம் போயே ஆகணும்! வீட்டுலயும் ராத்திரி இதே கூத்துதானாம். 1991ல இல்லாத வேலை இப்போ எழுத்துக்குக் கிடைச்சிருச்சு. அந்தக் குட்டிக்கும் லாபம்தான், ஒண்ணாங்கிளாஸ் போறதுக்கு முன்னாடியே புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பணும், எழுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு.

இந்த எழுத்தறிவுத் திட்டத்தோட தேர்வும் வருது. 150 மார்க்கு. படிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. கணக்குல அப்பத்தாமாரைப் பத்திக் கவலையே இல்ல, பால் கணக்கு பார்க்கிறவங்க.

கமெண்ட் போட்ட அண்ணே, கலெக்டர் ஆக அவங்க வரல. பேத்திக்கு யானைக் கதையை முழுசாப் படிச்சுக் காட்ட வந்திருக்காங்க. எனக்கு அது போதும்.

உங்ககிட்ட ஒரு உதவி. பழைய கண்ணாடி அனுப்பாதீங்க, பவர் ஒத்துவராது. ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரி மட்டும் பெருசா அச்சடிச்ச தமிழ்ப் படக்கதைப் புத்தகம் எது நல்லாருக்குன்னு கீழ எழுதுங்க. விலையும் சேர்த்து எழுதுங்க, கடையில போய்ப் பேசி வாங்கிக்கிறேன்.